இருபது ரூபாய்த் தரகு வந்த கதை

எங்கள் மாமா 15 வேலம்பாளையத்தில் இரண்டு நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் வொர்க் ஓட்டுகிறார். தீபாவளி போனஸ் பட்டுவாடா எல்லாம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், காபியை ஆற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஏங் கண்ணு, நீ பி.காம்தான படிக்கற? ஷேர் வாங்கறதுக்கு போன்லயே கணக்கு ஆரம்பிக்கலாம்னு இருக்கறேன். எத்தன லட்சத்துக்கு வாங்குனாலும் இருவது ரூபாதான் கமிசன்ங்கறாங்க. அதெப்புடி அவங்களுக்குக் கட்டும்?"

எது மலிவு என்று அவர் கேட்கவில்லை. எப்படிக் கட்டும் என்று கேட்டார். முப்பது வருடமாகக் கூலிக்குத் துணி ஓட்டும் ஆள் கேட்கிற கேள்வி அது. "வால்யூம்ங்க மாமா" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அன்று தப்பித்துக்கொண்டேன். உண்மையில் எனக்கும் முழுசாகத் தெரியாது. பிறகு உட்கார்ந்து படித்தபோது, அந்த இருபது ரூபாய்க்குப் பின்னால் இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருப்பது தெரிந்தது. அதில் பருத்தி வருகிறது, கோயமுத்தூர் மில்கள் வருகின்றன, கொஞ்சம் திருப்பூரும் வருகிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நம் ஊர்க் கணக்கிலேயே ஆரம்பிப்போம். நிட்டிங்காரர் கூலி வாங்குவது கிலோவுக்கு. நூல் கிலோ 200 ரூபாய் விற்றாலும் 350 ரூபாய் விற்றாலும் ஓட்டுகிற வேலை ஒன்றுதான் என்பதால் நூல் விலையில் இத்தனை சதவீதம் என்று அவர் கேட்பதில்லை. சாயப்பட்டறையிலும் கிலோ கணக்குத்தான். டெய்லருக்குப் பீஸ் ரேட். ஆனால் வெளிநாட்டு ஆர்டரை வாங்கிக்கொடுக்கும் பையிங் ஏஜெண்டுக்கு மட்டும் சதவீதம். ஆர்டர் மதிப்பு கூடினால் அவர் கமிஷனும் கூடும். ஆக ஒரே பனியனுக்குள் இரண்டு விதக் கூலியும் இருக்கிறது. செய்கிற வேலைக்குக் கூலி ஒன்று, கைமாறும் பணத்தில் பங்கு இன்னொன்று. பங்குத் தரகர்கள் ஆரம்பத்திலிருந்தே இரண்டாவது வகையில் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கிருந்து அவர்களை முதல் வகைக்கு இறக்கிக் கொண்டுவர உலகத்துக்கு ரொம்ப வருடம் பிடித்தது.

1792 மே 17. நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரு மரத்தின் பெயரால் வழங்கும் ஒப்பந்தத்தில் 24 தரகர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டே வாக்கியம் கொண்ட ஒப்பந்தம். தங்களுக்குள் முன்னுரிமை கொடுத்துக்கொள்வது ஒன்று, கால் சதவீதத்துக்குக் குறைவாக யாரிடமும் தரகு வாங்குவதில்லை என்பது இன்னொன்று. அதாவது, இன்று உலகத்திலேயே பெரிய பங்குச் சந்தையாக இருப்பதன் பிறப்புப் பத்திரமே, "விலையைக் குறைக்க மாட்டோம்" என்று வியாபாரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட உடன்படிக்கைதான். பாடப்புத்தகத்தில் இதை ஏதோ சுதந்திரப் பிரகடனம் மாதிரி எழுதியிருப்பார்கள். எனக்கென்னவோ சங்கம் வைத்து ரேட் நிர்ணயிப்பது போலத்தான் தெரிகிறது :-)

நம் நாட்டிலும் ஆரம்பம் மரத்தடிதான். 1850களில் பம்பாய் டவுன் ஹால் எதிரே ஆலமரத்தடியில் விரல்விட்டு எண்ணக்கூடிய தரகர்கள் கூடினார்கள். கூட்டத்தைப் பெருக்கியது பருத்தி. 1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி அங்கிருந்து பஞ்சு வருவது நின்றபோது, லங்காஷயர் மில்கள் இந்தியப் பஞ்சைத் தேடி ஓடி வந்தன. பம்பாயில் பணம் கொட்டியது. கொட்டிய பணம் புதுப்புதுக் கம்பெனிகளின் பங்குகளுக்குள் போனது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பேக்பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 வரை போனதாகப் படிக்கிறோம். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற ஒற்றைத் தரகரின் சொல்லில் ஊரே ஆடிய காலம் அது. 1865ல் போர் முடிந்து பஞ்சு விலை விழ, ஜூலை 1ஆம் தேதி பாக்கி தீர்க்கவேண்டிய நாளில் யாராலும் தீர்க்க முடியவில்லை. அந்த அடியிலிருந்து மீண்டவர்கள்தான் 1875ல் தரகர் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். 318 உறுப்பினர்கள், நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாய். இன்றைய பி.எஸ்.இ. அதுதான்.

சென்னைக்கு அந்தக் கொடுப்பினை முதல் தடவை அமையவில்லை. 1920ல் 100 உறுப்பினர்களோடு ஆரம்பித்த மெட்ராஸ் பங்குச் சந்தை, 1923க்குள் மூன்றே பேராகச் சுருங்கி மூடப்பட்டது. மறுபடி உயிர் வந்தது 1937ல். இடையில் என்ன நடந்தது? 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோயமுத்தூரைச் சுற்றி நூல் மில்கள் வரிசையாக எழுந்தன. மில் கட்ட மூலதனம் வேண்டும், அதற்குப் பங்கு விற்கவேண்டும், விற்ற பங்கைக் கைமாற்ற ஒரு இடம் வேண்டும். மெட்ராஸ் சந்தை திரும்பவும் கூடியதற்குத் தென்னிந்திய மில்களும் தோட்டக் கம்பெனிகளும்தான் காரணம் என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்த வரி. நம்ம பக்கத்துப் பஞ்சாலைகள் ஒரு பங்குச் சந்தையையே எழுப்பி உட்காரவைத்த சமாச்சாரம் அது என்று அப்போது உறைக்கவில்லை.

கோயமுத்தூருக்கே சொந்தமாகச் சந்தை வந்தது 1991ல். திருச்சி ரோட்டில், சிங்காநல்லூரில் கட்டடம் இருந்தது. அந்தக் காலத்தில் திருப்பூரில் ஒருவர் பங்கு வாங்கவேண்டும் என்றால் அவருக்குத் தெரிந்த துணைத் தரகரிடம் போவார். துணைத் தரகர் கோவைக்கோ சென்னைக்கோ போன் போடுவார். அங்கே இருப்பவர் தேவைப்பட்டால் பம்பாய்க்குப் போடுவார். இரண்டு மூன்று கை மாறித்தான் பங்கு வரும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டும். விதிப்படி தரகின் உச்சவரம்பு 2.5 சதவீதம்.

ஆனால் சதவீதத்தை விடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. ரசீதில் பங்கின் விலையும் தரகும் தனித்தனியாக இராது. இரண்டையும் சேர்த்து ஒரே விலையாகப் போட்டுவிடுவார்கள். 100 ரூபாய்க்கு வாங்கி 102 என்று எழுதினால், சந்தையில் என்ன விலைக்கு முடிந்தது, தரகர் எவ்வளவு எடுத்தார் என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? அன்றைய உச்ச விலை, தாழ்ந்த விலை மறுநாள் பேப்பரில் வரும். இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விலையை வைக்கலாம். 1992ல் சட்டப்படி அதிகாரம் பெற்ற செபி ஆரம்ப வருடங்களில் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, விலையையும் தரகையும் ரசீதில் பிரித்துக் காட்டச் சொன்னது. ஹர்ஷத் மேத்தா கலாட்டாவில் இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இருபது ரூபாய்க் கதையின் உண்மையான ஆரம்பம் இந்த இடம்தான். கண்ணுக்குத் தெரியாத கட்டணத்தை யாரும் பேரம் பேசிக் குறைக்க முடியாது.

மற்ற மாற்றங்கள் கடகடவென்று வந்தன. 1994 நவம்பரில் என்.எஸ்.இ. கம்ப்யூட்டர் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக எந்த ஊரிலிருந்தும் ஒரே விலை. 1996ல் டெபாசிட்டரி சட்டம் வந்து, அந்த வருடமே என்.எஸ்.டி.எல். ஆரம்பித்தது. காகிதப் பத்திரம், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திரும்பி வருவது, தபாலில் தொலைவது எல்லாம் மெல்ல ஒழிந்தன. 2000ல் இன்டர்நெட் வியாபாரத்துக்கு அனுமதி. மும்பை விலை கோவையிலேயே கிடைக்கும்போது கோவைச் சந்தைக்கு என்ன வேலை? அது 2013லும், மெட்ராஸ் சந்தை 2015லும் செபியின் அனுமதியோடு முறைப்படி விலகிக்கொண்டன. வருத்தப்படலாம்தான். ஆனால் அந்த இரண்டு மூன்று கைகளும் அதோடுதான் போயின.

இந்த நேரத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் எட்டிப்பார்த்துவிட்டு வருவோம். 1792ல் போட்ட அந்த "குறைக்கமாட்டோம்" உடன்படிக்கையின் வாரிசான நிர்ணயத் தரகு முறை, 183 வருடம் கழித்து, 1975 மே 1 அன்றுதான் அரசாங்க உத்தரவால் ஒழிந்தது. அன்றைக்குப் பெரிய நிறுவனங்களுக்குத் தரகு சரசரவென்று இறங்கியது. சில பழைய பெரிய தரகர்களோ சின்ன வாடிக்கையாளர்களுக்கு ரேட்டை ஏற்றினார்கள். அந்தச் சந்தில் புகுந்து வளர்ந்தவர் சார்லஸ் ஷ்வாப். ஆலோசனை கிடையாது, ஆராய்ச்சி அறிக்கை கிடையாது, ஆர்டரை மட்டும் மலிவாகப் போட்டுத் தருவேன் என்றார். லண்டனில் இதே மாற்றம் 1986 அக்டோபர் 27ல் வந்தது.

இந்தியாவில் அந்த வேலையைச் செய்தது பெங்களூரின் ஜெரோதா. நிதின் காமத் என்பவர், தானே வருடக்கணக்கில் டிரேடிங் செய்து, துணைத் தரகராகவும் இருந்துவிட்டு, 2010 ஆகஸ்ட் 15ல் ஆரம்பித்தார். ஆர்டர் ஒன்றுக்கு 20 ரூபாய், அது பத்தாயிரமானாலும் பத்து லட்சமானாலும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே ஆர்டர்தானே? கிலோ நூல் கணக்குத்தான். 2015 டிசம்பரில் இன்னும் ஒரு படி போய், பங்கை வாங்கி டீமேட்டில் வைத்துக்கொள்பவர்களுக்குத் தரகே இல்லை என்றார்கள். ஆதார் வழியாக வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கும் வசதியும் மலிவான டேட்டாவும் 2016 வாக்கில் சேர்ந்துகொள்ள, மளமளவென்று வளர்ந்தது. அப்ஸ்டாக்ஸ், குரோ என்று அடுத்தடுத்து வந்தார்கள். 2023ல் வாடிக்கையாளர் எண்ணிக்கையில் குரோ ஜெரோதாவைத் தாண்டிவிட்டது.

இப்போது மாமாவின் கேள்வி. இருபது ரூபாய் கட்டுமா? 2023-24 நிதியாண்டில் ஜெரோதாவின் லாபம் சுமார் 4,700 கோடி ரூபாய். லாபம்ங்க, வியாபாரம் இல்லை! வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமலே வளர்ந்த கம்பெனி வேறு. கட்டுகிறது. நன்றாகவே கட்டுகிறது.

ஆனால் யாரிடமிருந்து என்று பார்க்கவேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பவரால் அவர்களுக்குப் பெரிய வருமானம் இல்லை. ஒரு நாளைக்கு இருபது முப்பது ஆர்டர் போடும் ஆப்ஷன் டிரேடர்தான் படியளக்கிறார். அவர் நிலைமை என்ன? செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ பக்கம் போன தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தனிப்பட்ட ஆர்டருக்குக் கட்டணம் குறைந்ததும் ஆர்டர்கள் பெருகிவிட்டன. பீஸ் ரேட்டைக் குறைத்த முதலாளி பீஸைக் கூட்டி வாங்குவது போல. எங்கள் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் காலை ஒன்பதேகாலுக்குப் போனைக் குனிந்து பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் கட்டும் இருபதுகளில்தான் என் மாமாவுக்கு மலிவாகக் கிடைக்கப்போகிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வருமானமும் இருந்தது. தரகர்கள் சந்தைக்குக் கட்டவேண்டிய பரிவர்த்தனைக் கட்டணம் வியாபாரம் கூடக்கூடக் குறையும்படி படிநிலையாக இருந்தது. தரகர் வாடிக்கையாளரிடம் மேல்படி ரேட்டை வாங்கி, சந்தைக்குக் கீழ்ப்படி ரேட்டைக் கட்டி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார். ரசீதில் அது "சந்தைக் கட்டணம்" என்று இருக்கும். முப்பது வருடம் முன்பு விலைக்குள் தரகை ஒளித்த கதையின் புது அவதாரம். 2024 ஜூலையில் செபி சுற்றறிக்கை விட்டு, அந்த அக்டோபர் 1 முதல் எல்லாருக்கும் ஒரே ரேட், வாங்குவதை அப்படியே கட்டவேண்டும் என்றது. ஒளிந்திருந்த வருமானம் போனதும் என்ன ஆயிற்று? அடுத்த மாதமே ஏஞ்சல் ஒன் போன்றவர்கள் இலவசமாக இருந்த டெலிவரிக்குத் தரகு போட ஆரம்பித்தார்கள். 20 ரூபாய் அல்லது 0.1 சதவீதம், எது குறைவோ அது. இலவசம் என்பது யாரோ ஒருவர் எங்கேயோ கட்டிக்கொண்டிருந்ததுதான் என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது.

இந்த விஷயம் திருப்பூர்க்காரர்களுக்குப் புதுசாக இருக்கக்கூடாது. 2007ல் டாலர் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். டாலரில் வருமானம் வாங்கும் ஏற்றுமதியாளர்கள் அரண்டுபோயிருந்தார்கள். அப்போது பல வங்கிகள் ஒரு மருந்தைக் கொண்டுவந்தன. டாலரையும் சுவிஸ் பிராங்கையும், சிலவற்றில் ஜப்பான் யென்னையும் கோத்த ஆப்ஷன் ஒப்பந்தங்கள். கட்டணம்? "ஜீரோ காஸ்ட்." ஒரு பைசா கட்டவேண்டாம். எப்படி என்றால், ஏற்றுமதியாளர் வங்கியிடம் ஒரு ஆப்ஷனை வாங்குவார். கூடவே இன்னொன்றை வங்கிக்கு விற்பார். வாங்கியதற்குக் கட்டவேண்டிய தொகையும் விற்றதற்கு வரவேண்டிய தொகையும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். காகிதத்தில் செலவு பூஜ்யம். ஆனால் வாங்கியதில் கிடைக்கும் லாபத்துக்கு வரம்பு இருந்தது, விற்றதில் வரும் நஷ்டத்துக்கு இல்லை. வங்கியின் லாபம் இரண்டுக்கும் நடுவில், எந்த ரசீதிலும் இல்லாமல், பதுங்கியிருந்தது.

2008 மார்ச்சில் டாலர் ஒரு சுவிஸ் பிராங்குக்கும் கீழே விழுந்தது. பனியன் வாங்குபவன் அமெரிக்காவில், தைப்பவன் அனுப்பர்பாளையத்தில், பணம் போனது சுவிஸ் பிராங்கில்! வருடம் முழுக்கத் துணி ஓட்டிச் சம்பாதித்ததை ஒரு கையெழுத்தில் இழந்தவர்கள் உண்டு. திருப்பூர், கோவை, கரூர்க் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் தொடுத்த வழக்கில் 2008 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், இந்த ஒப்பந்தம் சூதாட்டம் அல்ல, செல்லும் என்று சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கி விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது 2011 ஏப்ரலில். ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 15 லட்சம் ரூபாய். ஆமாம், லட்சம்தான். கோடி இல்லை.

அதே காலத்தில் இதே ஊரில் பாசி என்ற பாரக்ஸ் கம்பெனி வேறு. போட்ட பணத்துக்கு எங்கும் கிடைக்காத வட்டி தருகிறேன் என்று வாங்கிச் சேர்த்து, 2009ல் குட்டு வெளிப்பட்டு, வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் இரண்டு இயக்குநர்களுக்குத் தலா 27 வருடச் சிறை என்று தீர்ப்பளித்தது. மோசடித் தொகை 930 கோடி. அங்கேயும் யாரும் கட்டணம் கேட்கவில்லை. இங்கே ஒன்றைக் கவனித்தேன். நம் ஆட்கள் சீட்டுப் போடும்போது கமிஷனை விட்டுக்கொடுப்பதே இல்லை. சட்டப்படி நடத்துபவருக்கு 5 சதவீதம் (2019 திருத்தத்துக்குப் பிறகு 7 வரை) என்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் கணக்குத் தெரியும். கசர் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று ஏலத்திலேயே பேசுவார்கள். ஆனால் "கட்டணமே இல்லை" என்று யாராவது சொன்னால் மட்டும் கேள்வி கேட்பது நின்றுபோகிறது.

சரி, தட்டையான கட்டணம் எல்லாருக்கும் மலிவா என்றால், அதுவும் இல்லை. ஒரு லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறீர்கள். அரை சதவீதத் தரகு என்றால் 500 ரூபாய். தட்டைக் கட்டணத்தில் 20. விற்கும்போதும் அதே. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கி அதில் 500 ரூபாய்க்குப் பங்கு வாங்கும் ஒரு செக்கிங் வேலைக்காரப் பெண்ணுக்கு அதே 20 ரூபாய் 4 சதவீதம். அரை சதவீதமாக இருந்தால் இரண்டரை ரூபாய்தான் போயிருக்கும். பெரியவருக்குச் சலுகை, சின்னவருக்குச் சுமை. பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் மாதிரிதான். "எது குறைவோ அது" என்ற வரி இருக்கிறதா, டெலிவரிக்குத் தரகு உண்டா இல்லையா என்று சின்ன முதலீட்டாளர் பார்க்கவேண்டியது அதனால்தான். விற்கும் அன்று டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கு ஒரு கட்டணம் வேறு உண்டு. ஒரு பங்கு விற்றாலும் ஆயிரம் விற்றாலும் ஒரே தொகை, பதினைந்து இருபது ரூபாய் வாக்கில். 150 ரூபாய்ப் பங்கு ஒன்றை விற்பவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்துக்கு மட்டும் நல்ல வழி வந்திருக்கிறது. 2024 செப்டம்பர் முதல் அடிப்படைச் சேவை டீமேட் கணக்கில் 4 லட்ச ரூபாய் மதிப்பு வரை அந்தக் கட்டணம் கிடையாது.

மியூச்சுவல் பண்ட் வழி போகிறவர்களுக்கு இதே கதை வேறு வேஷத்தில் நடந்தது. 2009 ஆகஸ்ட் வரை உள்ளே நுழையும்போதே இரண்டேகால் சதவீதம் வரை கழித்துக்கொண்டார்கள். செபி அதை ஒழித்தது. 2013 ஜனவரியிலிருந்து இடைத்தரகர் இல்லாத டைரக்ட் திட்டம் கட்டாயமானது. ஏஜெண்ட் வழித் திட்டத்துக்கும் டைரக்டுக்கும் வருடத்துக்கு முக்கால் சதவீதம் வித்தியாசம் என்று வைத்தால்கூட, 10 லட்சத்துக்கு அது 7,500 ரூபாய், வருடா வருடம். இருபது ரூபாயைப் பற்றி இத்தனை பேசுபவர்கள் இதைப் பேசுவதில்லை, ஏனென்றால் இது ரசீதில் வருவதில்லை. பண்டின் அன்றாட மதிப்பிலேயே கழிந்துபோகிறது.

அடுத்தது நம்பகம். மலிவாக வாங்குகிறவன் ஓடிவிடுவான், கூட வாங்குகிறவன் நிற்பான் என்று ஒரு எண்ணம் நம்மிடம் உண்டு. கார்வி அதைக் கேள்விக்குள்ளாக்கியது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய, பெரிய நிறுவனம். ஊர் ஊருக்குக் கிளை. வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்திருந்த அதிகாரப் பத்திரத்தை வைத்து அவர்கள் பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி, வங்கிகளிடம் அடகு வைத்து, 2,000 கோடிக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. 2019 நவம்பர் 22ல் செபி தடை போட்டது. டிசம்பர் 2ஆம் தேதி என்.எஸ்.டி.எல். சுமார் 83,000 பேருக்குப் பங்குகளைத் திருப்பி அவரவர் கணக்கில் சேர்த்தது. எப்படித் திருப்ப முடிந்தது? பங்குகள் காகிதமாக இல்லாமல் டெபாசிட்டரியில் கணக்காக இருந்ததால். 1996ன் அந்தச் சட்டம் இருபத்துமூன்று வருடம் கழித்துக் கைகொடுத்தது. அதன் பிறகு 2020 செப்டம்பரிலிருந்து, பங்கை அடகு வைக்கவேண்டுமானால் அது வாடிக்கையாளர் கணக்கிலேயே இருக்கவேண்டும், ஓ.டி.பி. மூலம் அவரே சம்மதிக்கவேண்டும் என்று விதி வந்தது. தரகர் வேறு, பங்கு இருக்கும் இடம் வேறு. மாமாவிடம் நான் முதலில் சொல்லியிருக்கவேண்டியது இதைத்தான். நிட்டிங்காரரிடம் நூல் இருக்கிறது, ஆனால் நூல் அவருடையது இல்லை, அவ்வளவுதான்.

ஆப் தொங்கிப்போவது தனிக் கதை. எந்தத் தளமும் விதிவிலக்கில்லை. 2021 பிப்ரவரி 24ல் என்.எஸ்.இ.யே பகல் 11.40க்கு நின்று, மாலை 3.45க்குத்தான் மறுபடி ஓடியது. வாங்கி வைப்பவருக்கு அரை நாள் பெரிய விஷயமில்லை. நிமிடக் கணக்கில் ஆடுகிறவருக்குத்தான் அது உயிர் போகிற விஷயம்.

இத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போன வாரம் மாமா வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை நீட்டினார். எனக்காகக் காத்திருக்காமல் கணக்குத் தொடங்கி, 50,000 ரூபாய்க்கு ஒரே ஒரு கம்பெனிப் பங்கு வாங்கிவிட்டிருந்தார். மாலையில் மெயிலில் வந்த ரசீதை நூல் டெலிவரி சலான் பார்ப்பது மாதிரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரகு இருவது. சரி. அதுக்கு ஜிஎஸ்டி மூணே முக்காலே சொச்சம்."

"அது சந்தைக் கட்டணத்துக்கும் சேர்த்துங்க மாமா."

"சரி. இங்க எஸ்.டி.டி.ன்னு அம்பது ரூபா போட்டிருக்குதே, இது ஆருக்கு?"

"பங்குப் பரிவர்த்தனை வரிங்க மாமா. ஆயிரத்துக்கு ஒரு ரூபா. 2004ல கொண்டு வந்தாங்க. சென்ட்ரல் கவர்மெண்டுக்குப் போகுது. விக்கறப்பவும் உண்டுங்க."

மாமா கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை அந்த வரியைப் பார்த்தார்.

"அப்ப கடை வெச்சிருக்கறவன் இருவது வாங்கறான். வழியில நிக்கறவங்க அம்பது வாங்கறாங்க. இதச் சொல்லாம நீ அன்னைக்கு வால்யூமுன்ட்டுப் போயிட்ட பாரு!"